பழைய மரப் படகு ஒழுகுது, உக்குது, பெயின்ட் உரியுது: மலைநாட்டுல சரி பண்றது எப்படி

கடற்கரைப் பக்கத்துல படகுக்குச் செய்ற வைத்தியத்தை அப்படியே கொண்டுவந்து மலையில செஞ்சா பாதி வேலை பிசகிப் போகும். அங்க உப்புத் தண்ணி, கொளுத்துற வெயில், மரத்தைத் துளைச்சுத் தின்ற கப்பல் புழு. இங்க இலங்கை மலைநாட்டுல காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம், கிரகரி வாவி எல்லாமே நல்ல தண்ணி, அந்தப் புழு நல்ல தண்ணில வாழாது, அந்த வகையில நம்ம பாடு பரவால்ல. ஆனா உப்பு மரத்தை உக்க விடாம கொஞ்சம் காப்பாத்தும், அந்தக் காலத்துப் பாய்க்கப்பல்ல பலகைக்கு நடுவுல உப்பைக் கொட்டி வச்சதே அதுக்குத்தான், அந்தக் காவல் நமக்கு இல்ல. மே மாசம் பிடிச்சா செப்டம்பர் வரைக்கும் வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மழை, மழை விட்டா மூடுபனி. அதனால படகுல எந்தக் கோளாறு வந்தாலும் மொதல்ல பாக்க வேண்டியது ரெண்டு விசயம்: தண்ணி எங்க இருந்து வந்துச்சு, வந்த தண்ணி திரும்பிப் போக வழி இருந்துச்சா. மலையில நான் பாத்த கெட்டுப்போன படகுங்க பெரும்பாலும் மிதக்கும்போது கெட்டதில்லங்க, கரையில மூடி வச்சுக் கெட்டது.

பேரு சொல்லிக்கிறேன். அடி நடுவுல நீளத்துக்குப் போற கனமான மரம் ஏரா. அதுல இருந்து ரெண்டு பக்கமும் வளைஞ்சு ஏறுற சட்டங்க வங்கு. முன் மூக்கு அணியம். பலகை இடுக்குல பஞ்சு அடிச்சு அடைக்கிறது கலப்பத்து. இதெல்லாம் வடக்கு, கிழக்கு கரையோரத்துக்காரங்க வார்த்தை, நம்ம தோட்டத்து மரவேலை பாஸ்மாருக்கு ஏரான்னா தெரியாது, "அடிச்சட்டம்"னு சொல்லிக் காட்டுங்க, புரிஞ்சுக்குவாங்க.

இன்னொண்ணு, உங்க படகு எந்த வகைன்னு தெரியாம கை வைக்காதீங்க. பலகை ஓரத்தோட ஓரம் முட்டி வழவழன்னு இருந்தா அது ஒரு வகை, அதுக்குத்தான் கலப்பத்து. ஒரு பலகை மேல இன்னொரு பலகை ஏறி படி படியா தெரிஞ்சா வேற வகை, தொரைமார் காலத்துச் சின்ன துடுப்புப் படகுங்க நெறைய இதுதான். இந்தப் படி வகைக்கு இடுக்குல பஞ்சு அடிக்கவே கூடாது, அடிச்சா பலகை ரெண்டும் பிரிஞ்சு ஆணி பிடுங்கிக்கும், நல்லா இருந்த படகும் போச்சு.

தண்ணில எறக்கின உடனே நாலா பக்கமும் ஊத்துது

பயப்படாதீங்க, ரொம்ப நாள் காஞ்சு கெடந்த படகு எல்லாமே இப்படித்தான். மரம் காஞ்சா சுருங்கும், நனைஞ்சா ஊதும், 6 அங்குல அகலப் பலகை எட்டுல ஒரு பங்கு அங்குலம் வரைக்கும் சுருங்கி நிக்கலாம், அப்படி எல்லாப் பலகையும் சுருங்கினா இடைவெளி எவ்வளவு வரும்னு நீங்களே யோசிங்க. இதுக்கு மருந்து பொறுமைதான். பலர் செய்றது என்னன்னா, இடைவெளியைப் பாத்த உடனே கடைக்கு ஓடி சிலிக்கன் டியூப் வாங்கி எல்லா இடுக்குலயும் அடைச்சிடுறது, இல்ல பஞ்சை வச்சு இறுக்கி அடிக்கிறது. அப்புறம் தண்ணில போட்டா பலகை ஊதும், ஊத எடம் இல்ல, அதோட தள்ளு வங்கு மேல விழும், வங்கு படார்னு உடையும், இல்லன்னா ஆணி இழுத்துக்கும். பஞ்சு, சிலிக்கனை விட பலகைக்குப் பலம் ஜாஸ்தி, ஊதுற மரத்துக்கிட்ட மல்லுக்கட்ட முடியாது.

செய்ய வேண்டியது: படகை நிழல்ல சமமா தாங்கு குடுத்து வச்சு, பழைய சாக்கை நனைச்சு உள்ள விரிங்க, காலையும் சாயங்காலமும் பீலித் தண்ணியை ஊத்தி ஈரம் விடாம பாத்துக்குங்க. சில படகு நாலஞ்சு நாள்ல மூடிக்கும், சிலதுக்கு ரெண்டு வாரம் ஆகும். உள்ள தண்ணியை நிரப்பி வைக்கிற பழக்கமும் உண்டு, நான் அதுக்கு எதிரி, ஏன்னா 100 லீற்றர் தண்ணி 100 கிலோ, தண்ணில மிதக்கும்போது வெளிய இருந்து தாங்குற பாரத்தை கரையில ஆணி மட்டும்தான் தாங்கணும், ஒரு சாண் உயரத்துக்கு மேல போனா பலகை பிதுங்கும். சாக்குல ஊறினதுக்கு அப்புறம் கரையோரமா, முழங்கால் ஆழத்துல கட்டிப்போட்டு மிச்சத்தை ஊற விடுங்க, அமுங்கினாலும் எடுத்துக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் வாய் பிளந்து கெடக்கு

இது நம்ம நீர்த்தேக்கத்துக்கே உரிய வியாதி. பிப்ரவரி, மார்ச் மாசத்துல கரண்டுக்காக தண்ணியை எடுத்து எடுத்து மட்டம் எறங்கிடும், மவுஸ்ஸாகலையில பழைய மஸ்கெலியா டவுன் கோயில் வெளிய தெரியுற காலம், அப்போ கரையில கட்டின படகு சேத்துல சாஞ்சு கெடக்கும். ஒரு பக்கம் ஈரச் சேறு, மறு பக்கம் உச்சி வெயில். 1000 மீட்டர் உயரம் ஏறினா புற ஊதாக் கதிர் கிட்டத்தட்ட 10 வீதம் கூடும், நுவரெலியா 1868 மீட்டர், குளிரா இருக்கேன்னு நெனைச்சு ஏமாறாதீங்க, மரத்துக்கு அடிக்கிற வெயில் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். வெயில் பட்ட பக்கம் பிளந்துக்கும், சேத்துப் பக்கம் பாக்க நல்லா இருக்கும் ஆனா உக்க ஆரம்பிச்சிருக்கும்.

ஆக பிளந்த பக்கத்துக்கு மேல சொன்ன சாக்கு வைத்தியம். நல்லா இருக்கிற மாதிரி தெரியுற பக்கத்தைத்தான் ஊசியால குத்திப் பாக்கணும். அடுத்த வருசம் தண்ணி எறங்க எறங்க படகையும் எறக்கிக்கிட்டே போகணும், முடியலன்னா மேல தூக்கி கட்டை மேல வச்சிடுங்க.

ஊறின பிறகும் ஒரே எடத்துல விடாம ஒழுகுது

இது நிஜமான ஓட்டை. தண்ணில வச்சுத் தேடினா கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா தண்ணி அணியத்துல நுழைஞ்சு நடுவுல வந்து நிக்கும். படகைக் கரையில ஏத்தி, வெளிப்பக்கத்தைத் துணியால தொடைச்சுக் காயவிட்டு, உள்ள கொஞ்சூண்டு தண்ணி ஊத்தி, வெளிய எங்க ஈரம் எட்டிப் பாக்குதோ அங்க சோக்குக் கட்டியால கோடு போடுங்க. சந்தேகமா இருந்தா தண்ணில கொஞ்சம் துணிநீலம் கலந்து ஊத்துங்க, கறை போறதுக்கு கொஞ்ச நாள் எடுக்கும், அவ்வளவுதான்.

பெரும்பாலும் குற்றவாளி ஏராவோட சேர்ற மொதப் பலகை. வழவழ வகைன்னா அந்த இடுக்குல இருக்கிற பழைய பஞ்சையும் காஞ்ச மக்கையும் (புட்டி) வளைஞ்ச கொக்கியால சுரண்டி எடுங்க, மரத்தைச் செதுக்கிடாதீங்க. இடுக்கு உள்பக்கம் குறுகி வெளிப்பக்கம் அகலமா இருக்கணும், உள்பக்கமும் திறந்திருந்தா பஞ்சு உள்ள போய் விழும், அங்க கலப்பத்து நிக்காது, பலகையோட ஓரத்துல மெல்லிசா மரம் ஒட்டணும். இடுக்கு சுத்தமானதும் ஒரு கை பெயின்ட் பூசி, பருத்திப் பஞ்சை திரிச்சு மழுங்கின உளியால மெதுவா, திரும்பச் சொல்றேன் மெதுவா, அடிச்சு எறக்குங்க, மேல இன்னொரு தரம் பெயின்ட், அதுக்கு மேல மக்கு. மக்குக்கு வைட்டிங்னு சொல்ற சோக்குத் தூளும் லின்சீட் எண்ணெயும் பிசைஞ்சது போதும். பழைய ஆளுங்க ஈயச் செந்தூரம் சேப்பாங்க, அது விஷம், குடி தண்ணிக்குப் போற வாவியில வேணாம். எந்த மக்கையும் இடுக்கு நெறையப் பூசாதீங்க, பலகை ஊதும்போது பிதுங்க கொஞ்சம் பள்ளம் விடணும்.

ஆணித் துவாரத்துல ஒழுகுதுன்னா கீழ ஆணியைப் பத்தின பகுதியைப் பாருங்க. பலகையே நீளத்துக்கு வெடிச்சிருந்தா வெடிப்பு முடியுற எடத்துல சின்னதா ஒரு துளை போட்டு நிறுத்திட்டு, உள்பக்கம் பட்டை வச்சு ஆணி அடிச்சுக்கலாம்.

ஸ்க்ரூ ட்ரைவர் குத்தினா வெண்ணெயில போற மாதிரி உள்ள போகுது

உக்கல். இதுலதான் ஆளுங்க பணத்தைத் தொலைக்கிறது. மரத்துல ஈரம் 20 வீதத்துக்கு மேல இருந்து, காத்தும் இருந்தா பூஞ்சை வரும். முழுசா தண்ணிக்கு அடியில ஊறிக் கெடக்கிற மரம் சீக்கிரத்துல உக்காது, காத்து இல்ல. முழுசா காஞ்ச மரமும் உக்காது. நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு கெடக்கிற எடம்தான் போகும்: அணியத்துல மேல் பலகைக்கு அடியில காத்துப் போகாத மூலை, பின் பலகையோட ரெண்டு முனை, பலகைங்க முடியுற வெட்டுமுகம், வங்கு ஏராவோட சேர்ற எடம். வங்குக்கு அடியில தண்ணி ஓடுறதுக்கு சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க, அது அடைச்சிருந்தா அந்த வங்குக்கு மேல்பக்கம் தேங்கின தண்ணி நிக்கும், மழைத் தண்ணி, அதுதான் எமன். இங்க அந்த ஓட்டையை அடைக்கிறது டர்பன்டைன் மரத்து (நம்ம பக்கம் யூக்கலிப்டஸுக்கு அதுதான் பேரு) இலையும் பட்டையும், வருசா வருசம் கம்பி விட்டுக் குத்தி எடுக்காத படகுல நிச்சயம் உக்கல் இருக்கும்.

கண்டுபிடிக்கிற விதம்: சின்னச் சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க, நல்ல மரம் டங் டங்னு பேசும், உக்கின எடம் பொத் பொத்துன்னு செத்த சத்தம். சத்தம் மாறின எடத்துல ஊசி வச்சுக் குத்துங்க. மரத்தைக் கொஞ்சம் நெம்பினா நாரு நாரா நீளமா கிழிஞ்சா நல்லது, மொட்டுன்னு குறுக்கால ஒடிஞ்சா கெட்டது. பெயின்ட் பளபளன்னு இருக்கேன்னு விட்டுடாதீங்க, வெளிய பெயின்டும் உள்ள மாவுமா இருக்கிற பலகை எத்தனையோ.

உக்கினதை என்ன பண்றது? வெட்டி எடுக்கணும். உக்கல் தெரியுற எல்லையோட நிறுத்தாம நல்ல மரத்துக்குள்ள ஒரு சாண் போகணும், பூஞ்சை கண்ணுக்குத் தெரியாம நாரு வழியா முன்னால போயிருக்கும். உக்கல் மேல ரெசினை ஊத்தி கெட்டியாக்கிடலாம்னு சொல்றவங்க இருக்காங்க, அழகுக்கு வச்ச மூலைன்னா செய்யலாம், பாரம் தாங்குற எடத்துல வேணாம். வெட்டின பிறகு மிச்ச மரத்துக்கு வெங்காரமும் போரிக் பவுடரும் சுடுதண்ணில கரைச்சு ரெண்டு மூணு தரம் பூசிக் காயவிடுங்க, பூஞ்சைக்கும் மரத்தைத் துளைக்கிற உளுவுக்கும் ரெண்டுக்குமே ஆகாது. அது தண்ணில கரைஞ்சு போகக்கூடியது, அதனால மேல பெயின்ட் கட்டாயம்.

புதுத் துண்டை சேக்கும்போது முட்ட வச்சு ஒட்டாதீங்க, ரெண்டு முனையையும் சரிவா சீவி ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வச்சு ஒட்டணும், பலகை கனத்தைப் போல எட்டு மடங்கு நீளம் சரிவு இருக்கணும். முக்கால் அங்குலப் பலகைன்னா 6 அங்குலச் சரிவு.

மரம் எதுன்னு கேப்பீங்க. தோட்டத்துல சும்மா கெடைக்குதேன்னு சவுக்கு மரத்தை (சில்வர் ஓக்) மட்டும் போடாதீங்க, அது விறகுக்கும் பெட்டிக்கும் சரி, ஈரத்துல நிக்காது. டர்பன்டைன் பலமா இருக்கும் ஆனா காயும்போது முறுக்கிக்கும். பலா வைரம் அருமை, கறையானும் லேசுல தொடாது, பழைய வீடு இடிக்கிற எடத்துல கதவுநிலை, உத்தரம் கெடைச்சா விடாதீங்க, புதுசா பலா வெட்ட பிரதேச செயலகத்துல அனுமதி வேணும். எல்லாத்துலயும் மேல ஹல்மில்ல, வளையும், நாரு நேரா ஓடும், தண்ணி தாங்கும், பழைய காலத்துல படகுக்கும் பீப்பாவுக்கும் ஏத்துமதியான மரம் அது. மரக்காலையில விலை கேட்டு மயங்கி விழாதீங்க, உங்களுக்கு வேண்டியது ரெண்டு பலகைதான். தேக்கு கெடைச்சா நல்லது, ஆனா அதுல எண்ணெய் இருக்கும், பசை போடுறதுக்கு முன்னாடி அசிட்டோன் வச்சுத் தொடைச்சாத்தான் ஒட்டும்.

ஆணியைச் சுத்தி கருப்பு வட்டம், இல்ல துருக் கண்ணீர்

உள்ள இரும்பு ஆணி. துரு மரத்தோட துவர்ப்போட சேர்ந்து கருப்பாகும், அந்த எடத்து மரம் மெதுவா மெதுவா இத்துப்போகும். ஆணி தலை நல்லா இருக்கும், நடு உடம்பு தேஞ்சு ஊசியா நிக்கும், ஒண்ணைப் பிடுங்கிப் பாத்தா மிச்சத்தோட கதை தெரியும். பிடுங்கின ஓட்டையிலயே பெரிய ஆணி அடிக்காதீங்க, ஓட்டையை மரக்குச்சி வச்சு பசையோட அடைச்சிட்டு பக்கத்துல புதுசா துளை போடுங்க. செம்பு ஆணியும் வாஷரும்தான் ராஜா, கெடைக்கலன்னா கனமான செம்புக் கம்பியை வெட்டி, ஒரு முனையைத் தட்டித் தலையாக்கி, மறு முனைக்கு செம்பு வாஷர் போட்டு ரிவெட் அடிக்கலாம், உள்ள ஒருத்தர் வெளிய ஒருத்தர் வேணும், வெளிய இருக்கிறவர் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்கணும். நல்ல தண்ணிங்கிறதால நல்லா முக்கி எடுத்த கல்வனைஸ் ஆணியும் நமக்கு வருசக்கணக்குல தாங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவைத் தண்ணி மட்டத்துக்கு மேல போடுங்க, ஈர மரத்துக்குள்ள காத்தில்லாம மூடிக் கெடந்தா 316ங்கிற நல்ல ரக ஸ்டெயின்லெஸ் கூட இடுக்குல அரிக்கும்.

வங்கு உடைஞ்சிருக்கு

ஒண்ணு ரெண்டுன்னா பழசைப் பிடுங்க வேணாம், பக்கத்துலயே புதுசா ஒண்ணு வச்சு ரிவெட் அடிங்க. வரிசையா உடைஞ்சிருந்தா ஒண்ணு விட்டு ஒண்ணா மாத்துங்க, ஒரேயடியா எல்லாத்தையும் கழட்டினா படகு வடிவமே போயிடும். வளைக்கிறதுக்கு பச்சை மரம் நல்லது, ரொம்பக் காஞ்சது ஒடியும். பலகையில நீளப் பெட்டி செஞ்சு, அடுப்புல தண்ணி கொதிக்கிற டின்னுல இருந்து குழாய் விட்டு ஆவி ஏத்துங்க, ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் கணக்கு. வெளிய எடுத்தா கையில இருக்கிறது சில செக்கன்தான், கிளாம்ப் எல்லாம் முன்னாடியே எடத்துல இருக்கணும், தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு சொல்ற பாஸை இந்த வேலைக்குக் கூப்பிடாதீங்க.

பெயின்ட் கொப்புளிக்குது, வார்னிஷ் பால் மாதிரி வெளுத்துப்போகுது

கொப்புளம்னா உள்ள ஈரம் இருக்கும்போதே பெயின்ட் அடிச்சிருக்கு. வெளுத்ததுன்னா சாயங்காலம் அடிச்சிருக்கு, காயுறதுக்குள்ள மூடுபனி எறங்கி மேல படிஞ்சிருக்கு. மலையில பெயின்ட் வேலைக்கு நேரம் காலை பத்து மணிக்கு அப்புறம் ஒரு மணி ரெண்டு மணிக்குள்ள, மாசம் ஜனவரி கடைசியில இருந்து மார்ச். உள்பக்கத்துக்கு கெட்டி பெயின்ட் வேணாம், லின்சீட் எண்ணெயும் பெயின்ட் கடை டர்பன்டைனும் கலந்து மெல்லிசா பூசுங்க, ஈரம் உள்ள மாட்டிக்காது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானா தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப்போடுங்க. சிலர் பர்ன்ட் ஒயிலை (எஞ்சின்ல கழிச்ச பழைய ஒயில்) அடிக்கிறாங்க, மரத்துக்கும் பிரயோசனம் இல்ல, தண்ணி மேல எண்ணெய்ப் படலம் ஓடும், அதுக்கு மேல எந்த பெயின்டும் ஒட்டவும் ஒட்டாது. பழைய பெயின்டைச் சுரண்டும்போது ஈயம் இருக்கலாம்னே எடுத்துக்குங்க, தண்ணி போட்டுத் தேய்ங்க, மூக்கை மாஸ்க்கால மூடுங்க, பிள்ளைங்களைத் தூர வைங்க.

எப்பொக்சி ரெண்டு நாளாகியும் பிசுபிசுக்குது

ராத்திரி நுவரெலியாவுல 10 டிகிரிக்குக் கீழ போனா ரெசினோட கலக்குற சாதாரண ஹார்ட்னர் தூங்கிடும். குளிருக்கான வேகமான ஹார்ட்னர் கேட்டு வாங்குங்க, ரெசினை முன்கூட்டியே வீட்டுக்குள்ள அடுப்பு சூட்டுல வச்சிருங்க, ஒட்டின எடத்துக்கு மேல சாக்கு மூடி பக்கத்துல பல்பு எரிய விடுங்க. சேத்த அளவு பிசகினதுன்னா மட்டும் காத்திருந்து பயன் இல்ல, சுரண்டி எடுக்கணும். காஞ்ச பிறகு மேல மெழுகு மாதிரி படலம் இருந்தா மொதல்ல வெதுவெதுப்பான தண்ணில கழுவிட்டு அப்புறம் தேய்ங்க, நேரா தேய்ச்சா அது மேல்பரப்புலயே அமுங்கி அடுத்த பூச்சு ஒட்டாது.

யாரோ மேல ஃபைபர் போர்த்தியிருக்காங்க, இப்போ அது பிரியுது

பழைய பலகைப் படகுக்கு ஃபைபர் போர்த்துறது எனக்குப் பிடிக்காத வேலை, ஒளிக்காம சொல்லிடுறேன். பலகை அசையும், ஃபைபர் அசையாது. உள்ள விழுற மழைத் தண்ணி மரத்துக்கும் ஃபைபருக்கும் நடுவுல மாட்டிக்கும், வெளிய வர வழியே இல்ல. அதுலயும் சாதாரண பொலியெஸ்டர் ரெசின் ஈர மரத்துல ஒழுங்கா ஒட்டுறதில்ல. தட்டிப் பாத்து பாதிக்கு மேல பொத்துன்னு இருந்தா முழுசா உரிச்சிடுங்க, உரிச்சா உள்ள என்ன இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டு உரிங்க. ஒட்டுப் பலகையில செஞ்ச படகுன்னா வேற கதை, அது அசையாது, எப்பொக்சியோட துணி போடலாம்.

சின்னச் சின்ன ஓட்டையில இருந்து மாவு கொட்டுது

உளு. மாவைக் கூட்டித் தள்ளிட்டு கீழ கறுப்பு காகிதம் விரிச்சு வைங்க, கொஞ்ச நாள்ல புது மாவு விழுந்தா உயிரோட இருக்கு, விழலன்னா பழைய வீடு, பூச்சி இல்ல. உயிரோட இருந்தா மேல சொன்ன வெங்காரத் தண்ணி, பெயின்ட் இல்லாத மரத்துல, உறிஞ்ச உறிஞ்ச. மண்ணுல நேரா வச்ச படகுல கறையான் ஏறியிருந்தா மொதல்ல படகைத் தூக்கி கல்லு மேல வைங்க, மருந்து அப்புறம்.

நேரா போக மாட்டேங்குது, ஒரு பக்கமா இழுக்குது

அணியத்துல இருந்து பின்பக்கம் வரைக்கும் ஏரா ஓரமா நூல் இழுத்துக் கட்டிப் பாருங்க. நடுவுல வளைஞ்சிருந்தா வருசக்கணக்கா ரெண்டு முனையில மட்டுமோ நடுவுல மட்டுமோ தாங்கு குடுத்து வச்சிருக்காங்க. ஊற வச்சுக்கிட்டே தாங்குகளை வாரத்துக்குக் கொஞ்சமா மாத்தினா ஓரளவு திரும்பும், ஒரே நாள்ல ஜாக் வச்சுத் தூக்கினா ஆணி தெறிக்கும். வளைவு இல்லன்னா துடுப்பு ரெண்டும் ஒரே நீளமான்னு அளந்து பாருங்க, சிரிக்காதீங்க, பல படகோட வியாதி அதுதான்.

மழைக் காலத்துக்கு மூடி வைக்கிறது

கவுத்து வைங்க, தரையில இருந்து முழங்கால் உயரம் தூக்கி, மூணு எடத்துல தாங்கு குடுத்து. தறப்பாளை படகு மேல ஒட்டிப் போர்த்தாதீங்க, கம்பு நட்டு கூரை மாதிரி கட்டி ரெண்டு முனையையும் திறந்து விடுங்க, காத்து இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போகணும். கவுத்து வைக்க எடம் இல்லாம நிமித்தி வைக்கிறதுன்னா அடியில இருக்கிற தக்கையைப் பிடுங்கிட்டு, அந்தத் தக்கையை ஒரு கயித்துல படகோடயே கட்டித் தொங்க விடுங்க, இல்லன்னா சீசன் தொடங்குற அன்னைக்கு தக்கை எங்கன்னு தேடிக்கிட்டு நிப்பீங்க. அப்புறம் மொத தடவை எறக்கும்போது உடுப்புக்கு மேல லைஃப் ஜக்கெட், கரையை விட்டு ரொம்பப் போகாம, உள்ள ஒரு வாளியும் ஒரு பந்து பஞ்சும்.